மாதிரிப் படகுக்கு மோட்டாரும் சுவிட்சும்

1898-ம் வருஷத்தில் நியூயார்க் நகரத்து மாடிஸன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில் ஜனங்கள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். ஒரு தொட்டி நிறைய நீர். நீரின்மேல் ஒரு சிறு படகு. அதில் மாலுமி இல்லை. கரையிலிருந்து கயிறோ கம்பியோ அதற்குப் போகவில்லை. ஆயினும் நிக்கோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி தம் அருகிலிருந்த பெட்டியின் பிடியைத் திருப்பியதும் படகு புறப்பட்டது. திருப்பிய பக்கமெல்லாம் திரும்பிற்று. நில் என்றால் நின்றது. அவ்வருஷம் நவம்பர் 8-ந் தேதி அமெரிக்க சர்க்கார் அந்தக் கருவிக்கு அவர் பெயரால் காப்புரிமை வழங்கினார்கள்.

அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே, 1895-ல், கல்கத்தாவில் நம் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குப் புலனாகாத மின் அலைகளை வெட்டவெளியில் அனுப்பி, தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்து காட்டினார். இன்று எந்தக் குளத்தில் எந்தச் சிறுவன் ரேடியோப் படகு விட்டாலும், அந்தப் படகு இவ்விரு பெரியோரின் வமிசத்தில் பிறந்ததே என்று சொல்லலாம்.

டெஸ்லாவின் படகில் இருந்த உறுப்புக்களே இன்றைய மாதிரிப் படகிலும் இருக்கின்றன. வலிமை தருவதற்கு ஒரு பாட்டரி. விசிறியைச் சுழற்ற ஒரு மோட்டார். சுக்கானைத் திருப்ப ஒரு கருவி. அலையைக் கேட்க ஒரு காது. கேட்ட கட்டளைப்படி மின்சாரத்தைத் திறந்து மூட ஒரு சுவிட்சு. இவற்றுள் காதையும் சுக்கான் கருவியையும் கடையில் வாங்கி அப்படியே பொருத்திவிடலாம். மோட்டாரும் சுவிட்சும் அப்படியல்ல. அவற்றைப் படகுக்குத் தக்கபடி நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதக் கணக்கில் மரத்தை இழைத்து வர்ணம் பூசிச் செய்த படகு, முதல் நாளிலேயே நடுக் குளத்தில் புகைந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தேர்வில் நேர்ந்த பிசகுதான்.

இதற்குப் பெரிய கணித சாஸ்திரம் வேண்டுவதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். நினைவில் வைக்கவேண்டிய சூத்திரங்கள் இரண்டே. மோட்டாரை நீரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவிட்சை, மோட்டார் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தைக் கொண்டல்ல, அது ஓடாமல் நின்றுவிட்டால் இழுக்கும் மின்சாரத்தைக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் நீரைக் கேளுங்கள்

துறைமுகத்தில் பெருங் கப்பல்களை இழுத்துச் செல்லும் இழுவைப் படகு ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 32 மீட்டர், எடை 300 டன், வேகம் மணிக்கு 12 கடல் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 36-ல் ஒரு பங்காகக் குறுக்கினால் மாதிரியின் நீளம் சுமார் 89 சென்டிமீட்டர் ஆகும். எடை மூன்று பரிமாணத்திலும் குறைகிறபடியால் 36-ஐ மும்முறை பெருக்கி வகுக்க வேண்டும். ஆறரைக் கிலோ அளவில் வரும்.

வேகத்தை எத்தனை பங்காகக் குறைப்பது? இதையும் 36-ஆல் வகுத்துவிட்டால் படகு நத்தையாகிவிடும். 1870-களில் இங்கிலாந்தில் டார்க்கீ என்னும் ஊரில் நீண்ட தொட்டி கட்டி, மெழுகினால் செய்த மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து ஆராய்ந்த வில்லியம் புரூட் என்பவர் இதற்கு விடை கண்டார். மாதிரியும் கப்பலும் நீரில் ஒரே விதமான அலையை எழுப்ப வேண்டுமானால், வேகத்தை அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 36-ன் வர்க்கமூலம் 6. ஆகவே நம் படகின் வேகம் மணிக்கு 2 கடல் மைல், அதாவது விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். பக்கத்தில் ஒருவர் நிதானமாக நடந்து வரும் வேகந்தான்.

இதைவிட வேகமாக ஓட்டினால் என்ன என்று இளைஞர்கள் கேட்பார்கள். நீரைக் கிழித்துச் செல்லும் படகுக்கு அதன் நீளமே ஒரு வரம்பை விதிக்கிறது. 89 சென்டிமீட்டர் நீளமுள்ள படகு விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டரை நெருங்கியதும் தான் எழுப்பிய அலையின் மேட்டிலேயே ஏறப் பார்க்கிறது. அதற்குமேல் எவ்வளவு வலிமை ஊட்டினாலும் அலைதான் பெரிதாகுமேயன்றி வேகம் அதிகமாகாது. நீரின்மேல் எழும்பி வழுக்கிச் செல்லும் பந்தயப் படகுகளின் ஜாதி வேறு; அவற்றின் அடிப்பாகம் அதற்கென்றே தட்டையாக அமைந்தது. இழுவைப் படகின் உடலில் பந்தயப் படகின் மோட்டாரை வைப்பது மாட்டு வண்டியில் குதிரையைப் பூட்டுவது போலாகும்.

விசிறியின் பசி

நீரில் சுழலும் விசிறியைப் புரொப்பெல்லர் என்கிறோம். நம் மாதிரிக்கு 55 மில்லிமீட்டர் விட்டமுள்ள விசிறி பொருந்தும். அது ஒரு சுற்றுக்கு 4 சென்டிமீட்டர் முன்னேறும்படி முறுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நீர் மரக்கட்டையைப் போல் கெட்டியானதல்ல. விசிறி அதில் வழுக்கும். பாதியை வழுக்கலுக்குக் கொடுத்தால் சுற்றுக்கு 2 சென்டிமீட்டர் மிஞ்சும். விநாடிக்கு 103 சென்டிமீட்டர் செல்ல வேண்டுமானால் விநாடிக்கு ஐம்பது சுற்றுக்களுக்குச் சற்று மேல். அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று.

இந்த 3,000 என்பதே நீர் நமக்குச் சொன்ன விடை. இப்போது கடைக்குப் போனால், பொம்மை மோட்டார்க் கார்களில் மிகப் பிரசித்தமான '540' என்னும் ரகத்தைக் காட்டுவார்கள். 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை மோட்டார். பார்வைக்கு லட்சணமாக இருக்கும், விலையும் சகாயந்தான். ஆனால் இந்த ரகத்தில் பல, 7.2 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிஷத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடுபவை.

விசிறியின் பசி பொல்லாதது. சுற்று இரட்டித்தால் அது கேட்கும் வலிமை இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. ஐந்து மடங்கு வேகமாகச் சுழற்ற வேண்டுமானால் 125 மடங்கு வலிமை வேண்டும். விட்டத்தைக் கூட்டுவது இதனினும் ஆபத்தானது. சுற்று மாறாமல் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினாலே பசி ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். 15,000 சுற்றுக்குப் பிறந்த மோட்டாரை 55 மில்லிமீட்டர் விசிறியோடு நேரே பிணைத்தால், அது திணறி, சூடேறி, பாட்டரியை உறிஞ்சிவிட்டுப் புகையும். அதையே நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பற்சக்கரமோ பட்டையோ வைத்துக் குறைத்தால் மாடுபோல் உழைக்கும். மோட்டாரில் குற்றமில்லை, பொருத்தம் பார்க்காததே குற்றம்.

மோட்டாரின் ஜாதகம்

பொருத்தம் பார்ப்பதற்கு ஜாதகம் வேண்டுமல்லவா? மோட்டாரின் ஜாதகத்தில் நாலு கட்டங்கள் முக்கியமானவை: எத்தனை வோல்ட்டுக்கு உரியது, சுமையில்லாமல் எத்தனை சுற்று, அப்போது எத்தனை ஆம்பியர், அச்சைப் பிடித்து நிறுத்தினால் எத்தனை ஆம்பியர்.

மோட்டார் சுமையில்லாத சுற்றில் ஐந்தில் நாலு பங்கு அளவில் ஓடும்போதுதான் கொடுத்த மின்சாரத்தைச் செட்டாகச் செலவிடுகிறது. ஆகவே விசிறிக்கு 3,000 சுற்று வேண்டுமானால், சுமையில்லாமல் 3,700 அல்லது 3,800 சுற்று ஓடும் மோட்டாரைத் தேடுங்கள். சில விளம்பரங்களில் 'அதிகபட்ச வலிமை' என்று ஒரு பெரிய எண்ணைப் போட்டிருப்பார்கள். அந்த எண் மோட்டார் பாதி வேகத்துக்கு இறங்கித் தத்தளிக்கும்போது கிடைப்பது. அந்நிலையில் பாட்டரி கொடுப்பதில் பாதிக்கு மேல் வெறும் சூடாகப் போய்விடும். அதைக் கண்டு மயங்க வேண்டாம்.

ஜாதகம் இல்லாத மோட்டாராக இருந்தால் வீட்டிலேயே கணிக்கலாம். ஒரே ஒரு 1.5 வோல்ட் மின்கலத்தை மோட்டாரோடு இணைத்து, அச்சைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, ஓரிரு விநாடி மட்டும் ஆம்பியரையும், அதே சமயம் மோட்டாரின் முனைகளில் வோல்ட்டையும் அளக்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் சுருளின் தடை ஓம் கணக்கில் கிடைக்கும். தடை 2 ஓம் என்று வந்தால், 12 வோல்ட் பாட்டரியில் அந்த மோட்டார் நின்றுபோகும்போது 6 ஆம்பியர் இழுக்கும் என்று அறியலாம். ஒழுங்காக ஓடும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 1.2 ஆம்பியர் போதும்.

பழைய சாமான்களிலும் நல்ல மோட்டார்கள் உண்டு. கெட்டுப்போன அச்சுயந்திரங்களிலிருந்து, அதாவது கம்ப்யூட்டர்ப் பிரிண்டர்களிலிருந்து எடுக்கும் 24 வோல்ட் மோட்டார்கள் 12 வோல்ட்டில் மெதுவாகவும் உறுதியாகவும் சுழலும். இழுவைப் படகுக்கு அவை வரப்பிரசாதம். பழைய காஸெட் பெட்டிகளின் மோட்டாரிலோ வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தும் சிறு கட்டுப்பாடு உள்ளே ஒளிந்திருக்கும். அதை நீக்காமல் படகில் வைத்தால் கட்டளைக்குப் பணியாது.

இக்காலத்தில் கார்பன் பிரஷ் இல்லாத மூன்று கம்பி மோட்டார்களும் ஏராளமாக வருகின்றன. அவற்றின்மேல் 'கேவி' என்று ஓர் எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதே அதன் பொருள். 1,000 என்று எழுதியிருந்து பாட்டரி 11.1 வோல்ட்டாக இருந்தால், சுமையில்லாமல் 11,100 சுற்று. நம் இழுவைப் படகுக்கு அது ஆகாது. 300 அல்லது 350 என்று எழுதியதைத் தேட வேண்டும். மூன்று கம்பிகளில் எவ்விரண்டை மாற்றி இணைத்தாலும் சுழற்சி திசை மாறும். ஆகாய விமான மாதிரிகளுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பெரும்பாலும் பின்னோக்கிச் சுழற்றாது. பின்வாங்கத் தெரியாத படகு கரையில் மோதாமல் இராது. ஆகவே படகுக்கென்று செய்த கருவியையே வாங்குங்கள்.

மோட்டார் நின்றால்

மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு சிறு டைனமோவாகவும் ஆகி, பாட்டரிக்கு எதிராக ஒரு வோல்டேஜை எழுப்புகிறது. நம் உதாரணத்தில் பாட்டரி 12 வோல்ட்டைத் தள்ளினால் மோட்டார் 9.6 வோல்ட்டால் எதிர்த்துத் தள்ளுகிறது. மிஞ்சிய 2.4 வோல்ட்டுக்குரிய மின்சாரமே உள்ளே பாய்கிறது. அந்த எதிர்ப்புதான் மோட்டாரைக் காக்கும் கவசம்.

நம் ஊர்க் குளங்களில் பாசிக்கும் ஆகாயத் தாமரைக்கும் குறைவில்லை. ஒரு கொடி விசிறியில் சுற்றிக்கொண்டதும் சுழற்சி நிற்கிறது. சுழற்சி நின்றதும் கவசம் மறைகிறது. 1.2 ஆம்பியர் ஓடிய கம்பியில் 6 ஆம்பியர் பாய்கிறது. 12 வோல்ட்டும் 6 ஆம்பியரும் சேர்ந்தால் 72 வாட். அதில் ஒரு துளியும் வேலையாக மாறுவதில்லை, அவ்வளவும் சூடு. 25 வாட் ஈயப் பற்றுக்கோல்கள் ஏறக்குறைய மூன்றைக் கைப்பிடியளவுள்ள மோட்டாருக்குள் சொருகிவைத்ததற்குச் சமம். கரையில் நிற்பவர் படகு நின்றதைக் கண்டு இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்துப் பார்ப்பார். அந்த அரை நிமிஷத்தில் சுருளின் பூச்சு கருகிவிடும்.

சுவிட்சு எதற்குத் தாங்க வேண்டும்?

இதனால்தான் சுவிட்சு 1.2 ஆம்பியருக்குப் போதுமா என்று பார்ப்பது தவறு என்கிறோம். நின்ற மோட்டாரின் 6 ஆம்பியரைத் தாங்குமா என்றே பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் மோட்டார் முதலில் நின்ற நிலையில்தானே இருக்கிறது! முதல் கணத்தில் 6 ஆம்பியர் பாய்ந்தே தீரும். மெலிந்த சுவிட்சின் இதழ்கள் அப்போதே உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சுவிட்சை எந்த ரேடியோவும் பிரிக்க முடியாது. படகு தன் இஷ்டப்படி ஓடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வீட்டுச் சுவரில் உள்ள சுவிட்சுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். நம் நாட்டில் அது விநாடிக்கு நூறு தரம் சூனியத்தைத் தொடுகிறது. இதழ்கள் விலகும்போது தோன்றும் பொறி அப்போது தானே அணைந்துவிடும். பாட்டரியின் மின்சாரம் ஒரே திசையில் ஓயாமல் பாய்வது. அதில் பொறி அணைய அத்தகைய கணமே இல்லை. மோட்டாரின் சுருளில் தேங்கிய காந்த சக்தியும் அந்தப் பொறிக்கு எண்ணெய் வார்க்கிறது. ஆகவே சுவிட்சின் முதுகில் '250 வோல்ட் 6 ஆம்பியர்' என்று மாறுதிசைக்குரிய எண் மட்டும் இருந்தால் போதாது. நேர்திசை மின்சாரத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள்.

முன்னும் பின்னும் ஓட்ட இரட்டைத் துருவ இருவழிச் சுவிட்சு வேண்டும். ஓரத்து முனைகளைக் குறுக்காக இணைத்தால், ஒரு பக்கம் தள்ளினால் முன்னோட்டம், மறுபக்கம் தள்ளினால் பின்னோட்டம். சுக்கான் கருவியைப் போன்ற மற்றொரு 'சர்வோ'வின் கையால் இதைத் தள்ளச் செய்யலாம். நடுவில் ஓய்வு நிலை உள்ள ரகத்தையே வாங்குங்கள். ஏனெனில் முழு வேகத்தில் முன்னே போகும் படகை ஒரே தள்ளலில் பின்னோக்கித் திருப்பினால், இதுவரை பாட்டரியை எதிர்த்த 9.6 வோல்ட் இப்போது பாட்டரியோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும். 21.6 வோல்ட்டை 2 ஓமால் வகுத்தால் 10.8 ஆம்பியர்! நடுவில் ஒரு கணம் ஓய்வு கொடுத்தால் மோட்டார் தணிந்து இந்த விபத்து நேராது.

மின்னணுவால் இயங்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்தால் இந்தத் தள்ளல், இதழ், பொறி எதுவும் இல்லை. வேகத்தையும் படிப்படியாகக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் விதி அதற்கும் ஒன்றே. நின்ற மோட்டார் 6 ஆம்பியர் கேட்குமானால் 10 ஆம்பியருக்குக் குறையாத கருவி வேண்டும். விளக்கு, ஊதுகுழல் முதலிய சிறு சுமைகளுக்குச் சிறு சுவிட்சுகளும் ரிலேக்களும் போதும்.

ஐந்து ரூபாய்க் காவலன்

எல்லாவற்றுக்கும் மேலான காவலன் பியூஸ். மோட்டார் வண்டிக் கடைகளில் கிடைக்கும் தகட்டு பியூஸ் அற்ப விலைதான். நம் உதாரணத்தில் ஓட்டம் 1.2 ஆம்பியர்; படகைப் பிடித்துக்கொண்டு முழு வேகம் கொடுத்தால் 2 ஆம்பியர் ஆகலாம்; நின்றால் 6. ஆகவே 3 ஆம்பியர் பியூஸ் சரியான வேலி. ஓடும்போது பேசாமல் இருக்கும். நின்றுவிட்டால் சில விநாடிகளில் எரிந்து மற்றவற்றைக் காக்கும். 20 ஆம்பியர் பியூஸை வைப்பது காவலுக்கு உறங்குபவனை நியமிப்பதற்கு ஒப்பாகும். பியூஸ் பாட்டரியின் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லை. லித்தியம் பாட்டரியானால் இது விருப்பமல்ல, கட்டாயம். அது தீப்பற்றினால் எளிதில் அடங்குவதன்று.

குளத்துக்குப் போகுமுன் வீட்டுத் தொட்டியில் ஒரு பரீட்சை செய்யுங்கள். படகைக் கையால் பிடித்துக்கொண்டு முழு வேகம் கொடுத்து, ஆம்பியரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் தாங்காவிட்டால் சிறிய விசிறியை மாட்டுங்கள். அல்லது பற்சக்கரத்தால் வேகத்தைக் குறையுங்கள். அச்சு வளைந்தோ கிரீஸ் வறண்டோ இருந்தாலும் ஆம்பியர் ஏறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போஸ் கண்ட பொறி

கடைசியாக ஒரு விஷயம். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில் ஒவ்வொரு சுற்றிலும் சிறு பொறிகள் தோன்றிக்கொண்டே இருக்கும். போஸ் கல்கத்தாவில் மணியை ஒலிக்கச் செய்த அலைகளும் மின்பொறியிலிருந்து பிறந்தவைதாம். ஆகையால் ஒவ்வொரு பிரஷ் மோட்டாரும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு ரேடியோ நிலையமாக இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் காது நம் கட்டளையைக் கேட்குமா, மோட்டாரின் கூச்சலைக் கேட்குமா?

கூச்சலை அடக்க '104' என்று குறியிட்ட மூன்று சிறிய பீங்கான் மின்தேக்கிகள் போதும். ஒன்றை மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையிலும், மற்ற இரண்டை ஒவ்வொரு முனையிலிருந்து மோட்டாரின் உறைக்கும் பற்றவைக்க வேண்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு இது இன்றியமையாதது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இரைச்சலை எளிதில் பொருட்படுத்தா. எனினும் இந்த ஏற்பாட்டைச் செய்துவிடுவதே விவேகம்.

ஒரு மோட்டார் கருகினால் சில நூறு ரூபாய் நஷ்டம்; அது போகட்டும். நடுக் குளத்தில் நின்ற படகைக் கண்டு, அதைச் செய்த சிறுவன் நீரில் இறங்கத் துணிகிறானே, அதற்கு யார் ஈடு செய்வது? சேறும் கொடியும் நிறைந்த குளத்தில் நீச்சல் தெரிந்தவனும் சிக்கிக்கொள்வான். நின்ற படகைக் கரையிலிருந்தே மீட்க, நீண்ட நூலில் கட்டிய ஒரு மிதவையை எடுத்துச் செல்லுங்கள். அதை அப்பால் எறிந்து மெல்ல இழுத்தால் படகு கூடவே வரும். அது இல்லாவிடில் காற்று கரைசேர்க்கும்வரை காத்திருப்பதே நல்லது. பெற்றோர்கள் இந்த ஒன்றை மாத்திரம் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும்.

நம் தேசத்தில் ஆயிரக்கணக்கான மைல் கடற்கரை இருக்கிறது. நாளைக்கு அங்கே கப்பல் கட்டப் போகிறவர்களும் ஓட்டப் போகிறவர்களும் இன்று பள்ளிக்கூடங்களில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். விலைக்கு வாங்கிய பொம்மையை ஓட்டுவதற்கு விரல் இருந்தால் போதும். தன் கையால் செய்த படகுக்கு நீரைக் கேட்டு மோட்டார் தேர்ந்து, மோட்டாரைக் கேட்டுச் சுவிட்சு தேர்ந்து, ஆம்பியரை அளந்து பியூஸ் வைக்கும் பிள்ளையோ பெண்ணோ, ஒரு யந்திரம் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பதைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஒரு முழத்துக்குக் குறையாத அந்தச் சிறு படகு கற்பிக்கும் பாடம் பெருங் கப்பலுக்கும் பொருந்தும்.